மூன்றாவது இழுப்பறை

கிளப் கட்டடத்தின் பின்பக்கம்
ஷூ துடைக்கும் அறையில்
மூன்றாவது இழுப்பறை.
அடியில் ஒரு தட்டுத் தட்டினால்தான் திறக்கும்.

உள்ளே
முழங்கால்வரை ஏறும் வெள்ளைக் காலுறை, மூன்று ஜோடி.
கருநீல டை ஒன்று,
நுனியில் யாரோ எப்போதோ குடித்த சூப்.
காலர் வைத்த சட்டை, பெரிய அளவு மட்டும்.
ஒல்லியாக ஒருவர் விதியை மீறுவார் என்று
இங்கே யாரும் நினைக்கவில்லை.

எஃபி டால்கிளீஷ் இதற்குச் சொந்தக்காரி அல்ல,
சாவிக்காரி.
ஃபைஃப் கடற்கரையில் இருபத்திரண்டு வருடமாக
திங்கள் தவறாமல் துவைக்கிறாள்,
வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வியர்வையை.

சட்டம் போட்டு மாட்டிய பலகை சொல்கிறது:
காலர் வேண்டும். சட்டை உள்ளே செருகியிருக்க வேண்டும்.
ஜீன்ஸ் கூடாது.
அரைக்கால்சட்டை முழங்காலுக்கு மேல் இரண்டு விரல்,
மூன்றாவது விரலுக்கு வேறு கிளப் பார்க்கவும்.
(இந்தக் கடைசி வரி பலகையில் இல்லை,
எஃபியின் வாயில் இருக்கிறது.)

வட கடல் காற்றுக்குப் படிப்பறிவு இல்லை.
முதல் குழி தாண்டுவதற்குள்
செருகியதையெல்லாம் உருவி வெளியே விடுகிறது.
ஒவ்வொரு வக்கீல் முதுகிலும் ஒரு பாய்மரம்.

டண்டீ நீதிபதி ஒருவர்
காலுறைக்குக் கை நீட்டினார்,
மருந்துச் சீட்டு வாங்குகிறவர் போல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
க்ளாஸ்கோ பிளம்பர் பையன்
அதைக் கைகளில் மாட்டிப் பொம்மலாட்டம் காட்டினான்,
பிறகு எழுபத்தொன்றில் ஆட்டத்தை முடித்தான்.
ஒசாகாவிலிருந்து வந்த பெண்மணி
குளியலறையில் அலசி, உலர்த்தி,
செய்தித்தாளில் சுற்றித் திருப்பித் தந்தாள்.
எஃபி அந்த வாரம் அதை மட்டும் துவைக்கவில்லை.

ஜூலையில் ஒரு வியாழன், மூடுபனி.
கேப்டன் லாக்லன் ரெட்பாத்
(பலகையின் வாசகம் அவருடையது,
அந்த இரண்டு விரலும் அவருடையவை)
பதினோராவது குழியருகே ஓடையில்
பந்தைத் தேடிக் குனிந்தார்.
ஓடை அவரை முழுசாக வாங்கிக்கொண்டது.
கொஞ்சம் யோசித்துத் திருப்பிக் கொடுத்தது.

பின்வாசலில் நின்று சொட்டினார்.
எஃபி இழுப்பறையை அடியில் தட்டினாள்.
சட்டை அவர்மேல் கூடாரமாகத் தொங்கியது.
காலுறை சரி.
டை கூடச் சரி.
கால்சட்டைதான் இல்லை.
அது இல்லாமல் ஒருவர் வருவாரென்று
பலகைக்கும் தோன்றவில்லை, இழுப்பறைக்கும் தோன்றவில்லை.

ஆணியில் தொங்கியது
புல் வெட்டும் கெட்டிஸின் பச்சை வேலையுடுப்பு,
டீசல் வாசனையோடு.

“முன்னறைக்கு இப்படி...” என்று ஆரம்பித்தார்.
அவளும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள்.
இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஷூ துடைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து
அவளுடைய கோப்பையில்
அவளுடைய பருப்பு சூப்பைக் குடித்தார்.
சுவருக்கு அப்பால் கரண்டிச் சத்தம், அவருடைய நண்பர்கள் சிரிப்பு.
உடுப்பின் பையில் கைவிட்டார்:
ஒரு ஆணி, பாதி புதினா மிட்டாய்.
பார்த்தார். வைத்தார்.
அப்புறம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“தண்ணீர் ரொம்பக் குளிரா?”
“குளிர்தான்.”
இருபத்திரண்டு வருடத்தில்
அவர்கள் பேசிய நீண்ட உரையாடல் அது.

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
அன்று பெஞ்சில் இருந்தது ஆள் பாதி.
மோசமில்லை, என்று பட்டது எஃபிக்கு.

விதி மாறவில்லை.
செப்டம்பர் கூட்டத்துக்குப் பிறகு பலகையில் ஒரு வரி கூடியது:
வேலையுடுப்புகளுக்கு அனுமதி இல்லை.
முன்மொழிந்தவர் பெயர் குறிப்பேட்டில் இல்லை.

அதே வாரம் இழுப்பறையில்
பழுப்பு கார்டுராய் கால்சட்டை ஒன்று கிடந்தது.
புதியது. குறுகிய இடுப்பு. விலைச்சீட்டு வெட்டப்பட்டிருந்தது.

இதுவரை யாரும் கேட்கவில்லை.
ஆனாலும் திங்கள் வந்தால் துவைக்கிறாள்.
கொடியில் காற்று அதற்குள் புகுந்துகொண்டு
இரண்டு எட்டு நடக்கப் பார்க்கிறது,
பெல்ட் இல்லாமல்.