கான்ஸ்டபிள் கெட்டூனெனிடம் ஒரு புகார்

எழுதிக்கொள்ளுங்கள்.
பெயர் ஹில்யா. ஏரியின் வடகரையில் கடைசி வீடு.
வழி உங்களுக்குத் தெரியும்,
மூன்று முறை வந்திருக்கிறீர்கள்.

காணாமல் போனவர் என் கணவர் ஏமெலி.
சிரிக்காதீர்கள்.
முதல் முறை அவர் ஓடிப்போனபோது
நீங்கள் வந்து என்னிடம் சொன்னீர்கள்.
இப்போது நான் வந்து சொல்கிறேன்.

அன்று உங்கள் கையில் நீளமான இரும்புக் கம்பி.
கொட்டகையில் காய்ந்த புல்லுக்குள்
பதினேழு குத்து.
எண்ணிக்கொண்டு நின்றேன்.
பன்னிரண்டாவது அவர் காதைக் கிழித்தது.
ஒரு முனகல் இல்லை.
சத்தமில்லாமல் இருப்பதில் அவருக்கு நிகர் அவர்தான்.
அதன் முழு அளவு பிறகுதான் தெரிந்தது.

இரண்டு குளிர்காலம், கான்ஸ்டபிள்.
சமையலறைப் பலகைக்குக் கீழே உருளைக்கிழங்குக் குழி.
ஒரு ரேஷன் அட்டையில் இரண்டு வாய்.
பசு வற்றிவிட்டதென்று
பசுவின் முன்னாலேயே பொய் சொன்னேன்.
நீராவிக் குளியலுக்கு இருட்டில் போகும்போது
நானும் அவர் பழைய பூட்ஸைத்தான் மாட்டிக்கொள்வேன்,
அவர் மிதித்த குழியிலேயே மிதிப்பேன்.
விடிந்ததும் பனியில் ஒரே ஆளின் தடம்.
அவருக்கு இருமல் வந்தால்
மேலே நானும் உரக்க இருமுவேன்.
எனக்குக் காசநோய் என்றது ஊர்.
தேவாலயத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

அப்புறம் வயிறு தெரிந்தது.

புருஷன் ஓடிப்போய்ப் பதினாலு மாதம்,
பெண்டாட்டிக்கு ஐந்து மாதம்.
கணக்குத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை.
கடைக்காரி லெம்பி உப்பை என் கையில் தராமல்
மேசைமேல் வைத்துத் தள்ளினாள்.
பண்ணைக்கு வந்த கைதியின் பிள்ளை என்றார்கள்.
மரம் வெட்ட வந்தவனுடையது என்றார்கள்.
உங்கள் பெயரையும் சொன்னார்கள்,
மூன்று முறை வந்தீர்களே.

ஒரு வார்த்தை சொன்னால் நான் உத்தமி.
அதே வார்த்தையில்
அவரைச் சுவரோரம் நிறுத்தியிருப்பார்கள்.
வாயை மூடிக்கொண்டேன், பிரசவத்திலும்.
கீழே அவர் விழித்திருந்தார்.
மேலே நான் மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டு.
போதகர் பதிவேட்டில் எழுதினார்:
தந்தை பெயர் தெரியாது.
மை காயும்வரை அங்கேயே நின்றேன்.

செப்டம்பரில் சண்டை நின்றது.
ஓடியவர்களுக்கு மன்னிப்பு என்றார்கள்.
பலகையைத் தூக்கினேன். ஏறி வந்தார்.
பகல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார்,
வெளியே வந்தவன்
சிறைக்கதவைத் திரும்பிப் பார்ப்பதுபோல.

பதினொரு நாள் இருந்தான்.
ஒரு ஜன்னலைச் சரிசெய்தான்.
குழந்தையை ஒரு முறை தூக்கினான்,
அது வேற்றாளைக் கண்டதுபோல் வீறிட்டது.
மரம் ஏற்றிய லாரியில் வடக்கே போய்
ஆற்றைக் கடந்துவிட்டானாம், ஸ்வீடனுக்கு.

காட்டில் ஒளிந்திருந்து வந்தான்,
பிள்ளையைப் பார்த்தான், போய்விட்டான்:
இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை.
கைவிட்டதில் தப்பென்ன என்கிறாள் லெம்பி.
கைவிட, முதலில் கையைப் பிடித்திருக்க வேண்டும்.
நான் இரண்டு வருடம் பிடித்திருந்தது
குழிப் பலகையின் இரும்பு வளையம்.

பட்டாளத்தை விட்டு ஓடினால்
சட்டம் இருக்கிறது, நாய் இருக்கிறது, கம்பி இருக்கிறது.
இதற்கு?
பேனாவைக் கீழே வைக்காதீர்கள்.

தேடச் சொல்லி நான் வரவில்லை.
கிடைக்க மாட்டான்,
ஒளியப் பழக்கியவள் நான்.
பதிவேட்டில் அந்த ஒரு வரி மாற வேண்டும்.
போதகர் சாட்சி கேட்கிறார்.
அவன் என் வீட்டில்தான் இருந்தான் என்பதற்கு
என்னை விட்டால் ஒரே சாட்சி உங்கள் கம்பி.

அன்று அதன் நுனியில் ரத்தம் இருந்தது, கெட்டூனென்.
நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.
கைக்குட்டையால் மெல்லத் துடைத்துவிட்டு
புல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று
வாசலில் நின்றவர்களிடம் சொன்னீர்கள்.

எழுதுங்கள்.