ஏழு இரவுகள், காலைச் சாப்பாடு உட்பட

உறையைப் பிரித்து மருதைமுத்து
இரண்டு முறை வாசித்தார்:
இருபதாண்டுச் சேவையைப் பாராட்டி
நால்வருக்கு ஏழு இரவுகள்,
காலைச் சாப்பாடு உட்பட.
எந்த ஓட்டலில் என்று கேட்டாள் யானிஷா.
எந்த ஓட்டல்!
நான் தினம் கதவு தட்டும் அதே ஓட்டல்தான்.

மாஹேபூரிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.
அதற்குப் போய்ப் பெட்டி கட்டுவார்களா என்கிறான் திவேன்.
கட்டுவோம்.
பஸ் வேண்டாம், டாக்சி.
முன்வாசலில் இறங்குவோம்.
சலவைக்கூடத்தை ஒட்டிய கதவில்
விரல் பதித்தே உள்ளே போனவள் நான்,
அந்த வாசலில் எத்தனை படி என்று
எண்ணிப் பார்த்ததில்லை.

கோவில் காலண்டரில் கிழித்த ஜூன் தாளின் முதுகில்
ஏழு கோடு போட்டோம்.
டிசம்பரில் செல்லாது என்று
அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
ஆகஸ்டில் கரும்பு வெட்டு; லாரியை விட்டு
மருதைக்கு ஞாயிறு ஒன்றுதான் முழுசாகக் கிடைக்கும்.
மற்ற நாள் வேலை முடிந்து, குளித்து,
இரவுக்கு மட்டும் விருந்தாளியாக வருவாராம்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.
நான் ஞாயிறைச் சுற்றி வட்டம் போட்டேன்,
பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அறையை நான்தான் தேர்ந்தெடுப்பேன், அதில் பேச்சே இல்லை.
நூற்றொன்பதில் எறும்பு.
முந்நூற்று நான்கில் ஏ.சி. விடிய விடிய இருமும்.
இடப்பக்கக் கட்டிடம் முழுக்க
தென்கிழக்குக் காற்று மணலை வாரி இறைக்கும்.
இருநூற்றுப் பதினேழு.
அதன் பால்கனிக் கண்ணாடியைத் துடைக்கும்போது
பவளத்திட்டில் அலை உடைகிற வெள்ளைக் கோடு
துணிக்கு அந்தப் பக்கம் நிற்கும்,
எவ்வளவு துடைத்தாலும் போகாத கறை மாதிரி.

செவ்வாய்: கண்ணாடி அடி வைத்த படகு.
யானிஷாவுக்குக் கிளிமீன் பார்க்க வேண்டும்.
எனக்குத் தெரிந்த பவளம்
குப்பைக்கூடையில் கிடைப்பது.
யாரோ செருப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்து
விமான நிலையத்தை நினைத்துப் பயந்து
கிளம்புகிற காலையில் போட்டுவிட்டுப் போவது.
கையில் எடுத்தால் கருவாட்டு வாசம்.
உயிரோடு அது என்ன நிறம்?

வெள்ளி விரதம்.
எந்தத் தட்டில் முட்டை கலக்கவில்லை என்று
சமையல்கட்டு ரமேனிடம் கேட்டுவைக்க வேண்டும்.
ராத்திரிச் சாப்பாடு கணக்கில் சேராது,
ஃபராத்தா சுட்டு எடுத்துப்போகலாம்.
அறைக்குள் சாப்பிடக் கூடாதென்பது விதி.
விதியை மீறியவர்களின் துணுக்குகளை
இருபது வருடம் பெருக்கியிருக்கிறேன்.

ஞாயிறு: ஃபெர்னிக் காடு.
மருதையின் லாரி அதன் வேலியோரம்
பதினோரு வருடமாகப் போய்வருகிறது.
எனக்கோ அந்தக் காடு ஒரு சேறு.
வெள்ளைத் துண்டுகளில் செம்மண்ணாக வந்து சேரும்,
எலுமிச்சையில் ஊறவைத்தால் பாதி போகும்.
கருங்காலி மரம் இருக்கிறதாம்,
மழை நின்ற பிறகும் உள்ளே அரைமணி நேரம் சொட்டுமாம்.
சொட்டட்டும்.

வியாழனில் திவேன் கேள்விக்குறி போட்டான்.
நான் அதை அடித்துத் 'தூக்கம்' என்று எழுதினேன்.
ஒரு காலையாவது
என் பின்னால் ஒரு கட்டில் கலைந்தே கிடக்கட்டும்.

சாப்பாட்டு இடைவேளையில் மரி-ஜோஸேயிடம் சொன்னேன்:
நீ சிரமப்படாதே, 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை
ஏழு நாளும் மாட்டிவைக்கிறேன்.
அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.
கோபம்தான்.
அட்டையைத் திருப்பி மாட்டு என்றாள்.
துண்டில் அன்னம் செய்து வைப்பேன்,
உன்னுடையதைவிடக் கழுத்து நேராக நிற்கும், பார்.

எத்தனை ஆயிரம் அன்னம் மடித்திருப்பேன்.
எல்லாவற்றையும் கட்டிலோரம் நின்றே பார்த்தவள்.
வெளியிலிருந்து கதவைத் திறந்து
கையில் செருப்போடு, காலில் மணலோடு
பார்த்தால் எப்படி இருக்கும் என்று
பஸ்ஸில் யோசித்தபடியே வந்ததில்
இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.