ஓரத்தில் ஒரு விளக்கு

இரவு ஒன்பதரை.
திருநெல்வேலி வளாகத்தில்
ஆய்வுகூட யன்னல்களுக்குக்
கறுப்புத் துணி அடித்திருக்கிறேன்.
பலாலி வீதியால் போகும் பஸ்ஸின் வெளிச்சம்கூட
உள்ளே வரக்கூடாது.
வந்தால் இவை குழம்பிவிடும்.

இவை என்றால்,
ஒரு துளி நீருக்குள் இலட்சக்கணக்கில்
பாதி உடம்பில் பொன் பூசிய துணிக்கைகள்.
வெளிச்சம் பட்டால் முதுகு காட்டி ஓடும்.
ஓடுகிற முதுகில் மருந்தை ஏற்றிவிட்டால்
வேண்டிய இடத்துக்கு விரட்டலாம் என்பது
மூன்று வருடமாய் நான் எழுதிவரும் வாக்கியம்.

கிளறன்ஸ் இடியப்பப் பார்சலோடு வந்தான்.
தெல்லிப்பளையில் மெற்றில்டாவுக்கு
இன்று நாலாவது முறை மருந்து ஏற்றினார்கள்.
அங்கிருந்து நேரே வருகிறான்.
சட்டையில் ஆசுபத்திரி மணம்.
"கட்டி கிடக்கிறது ஒரு கச்சான் கொட்டையளவு.
மருந்து ஏன் அக்கா தலைமயிரைத் தேடிப் போகுது?"

ஒரு வீட்டுக் கடிதத்தை
ஊரெல்லாம் வாசித்துக்கொண்டு போகும் தபால்காரன்
என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
நுணுக்குக்காட்டியில் கண் வைக்கச் சொன்னேன்.

"சூடை!" என்றான்.
நான் நீல ஒளியைப் போட்டேன்.
கூட்டம் உடைந்து
நாலு பக்கமும் தெறித்தது.
"சூடையெண்டால் வெளிச்சத்துக்கு வரும்.
இது எங்களை மாதிரி.
பரா வெளிச்சம் விழேக்க
வேலிக்குள்ளால பாய்ஞ்ச மாதிரி."
கண்ணை எடுக்காமலே சொன்னான்.

அவன்மேல் ஒரு வழக்கு இருக்கிறது:
கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடித்தது.
படகு மயிலிட்டியில் வெயில் காய்கிறது.
அது பிழை என்று நானும் சொன்னவள்தான்,
குஞ்சையும் குருமானையும் வாரிக்கொண்டு போனால்
அடுத்தவன் வலைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு
நாலு மாதம் அவனோடு கதைக்காமல் இருந்தவள்.

"எல்லா லைற்றையும் ஒரேயடியாய்ப் போடுறாய்,
அதுதான் சிதறுது.
ஓரத்தில ஒண்டை மட்டும் விடு.
பிறகு மெல்ல மெல்லக் குறை.
குறைக்கக் குறைக்க ஒண்டோடொண்டு ஒட்டும்.
நாங்கள் வலை வளைக்கிறது அப்பதான்."
இவை எதிர்ப்பக்கம் ஓடுமடா என்றேன்.
"அப்ப எதிர்ப்பக்கம் வலையை வை."

ஓரத்தில் ஒன்று.
நாற்பது வீதம். முப்பது. இருபத்தைந்து.
மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்,
இயந்திரம் நிறுத்திய படகில்
நேரத்தைக் கணக்குப் பார்ப்பதுபோல.
பதினெட்டில்
கூட்டம் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு
கொஞ்சம் சாய்ந்து
கண்ணாடிக் கால்வாயின் வளைவுக்குள்
போனது.
முழுதாய் என்று எழுத ஆசை.
பத்தில் ஒரு பங்கு பின்தங்கிவிட்டது.

"அப்ப மெற்றில்டாவுக்கு?"

நீலம் தோலுக்குள் ஒரு மில்லிமீற்றரும் போகாது.
கைபேசி ரோர்ச்சை உள்ளங்கைக்குக் கீழே பிடித்துக் காட்டினேன்.
சிவப்பு மட்டும் இந்தப் பக்கம் வந்தது.
சிவப்புக்கு ஓடும் துணிக்கை எங்களிடம் இன்னும் இல்லை.
வந்தாலும் முதலில் எலி,
பிறகு பெரிய மிருகம், அதற்கும் பிறகுதான் ஆள்.
"எத்தினை வருசம்?"
"பத்து. பன்னிரண்டும் ஆகலாம்."
ரோர்ச்சை வாங்கித் தன் கைக்குக் கீழே பிடித்தான்.
விரலிடுக்குகள் தணலாய்ச் சிவந்தன.
கனநேரம் அப்படியே வைத்திருந்தான்.

ஒளியைக் குறைக்கும் வேகத்தைக் கட்டுரையில்
மூன்று தசமதானத்துக்கு எழுதியிருக்கிறேன்.
நன்றி சொல்லும் பந்தியில் ஒரு பெயரைப் போட்டேன்.
அழித்தேன்.
வழக்கு முடியட்டும்.
"உனக்குப் பட்டம், எனக்குத் தவணை"
என்று சிரிப்பான், தெரிந்தால்.

இடியப்பம் ஆறிப்போயிருந்தது.
கறுப்புத் துணியை நீக்காமலே சாப்பிட்டோம்.
"எல்லா லைற்றையும் நிப்பாட்டினால்
உதுகள் என்ன செய்யும்?"
"ஒண்டும் செய்யாது. எங்கையும் போகாது.
நிண்ட இடத்தில நடுங்கிக்கொண்டு இருக்கும்."

அவன் ரோர்ச்சை அணைத்தான்.