தண்ணீருக்கான கட்டம்

மட்டக்குளியில் கொங்கிறீற் கலக்கும் இடத்தில்
எனக்கொரு மேசை, ஆறு கண்ணாடிக் குழாய்கள்,
கறுப்புப் போத்தலில் வெள்ளி நைத்திரேற்று.
மணலில் உப்பிருந்தால் துளி விழுந்ததும்
பால்போல் வெளுக்கும்.
வெளுத்தால் லொறி திரும்பிப் போகும்.
இவ்வளவுதான் என் உத்தியோகம்.

பியரத்னவின் லொறி விடியமுன் வரும்,
ஹங்வெல்லைப் பக்கமிருந்து, களனி கங்கை மணல்.
அவனுடைய மச்சான் மூச்சை அடக்கி
வாளியோடு இறங்கிய காலத்தில்
கழுத்தளவு தண்ணீரில் காலுக்கு மணல் தட்டுப்படுமாம்.
பிறகு இரண்டு ஆள் ஆழம்.
பிறகு மூங்கில் எட்டவில்லை.
இப்போது படகில் பம்பு. அதன் வாய்
அடியை உறிஞ்சுகிறது
மட்டி, வேர், சேறு எல்லாவற்றோடும்.
மச்சான் பம்புக்கு டீசல் ஊற்றுகிறான்.
முன்பு வாளிக்குக் காசு, இப்போது நாட்கூலி.

ஒரு கியூப் கரையில் என்ன விலை,
என் மேசைக்கு வரும்போது என்ன விலை
என்று ஒருநாள் கேட்டேன்.
பியரத்ன விரல்களை மடக்கினான்:
பேர்மிட்காரன்,
பேர்மிட் இல்லாத நாளில் பேர்மிட் எங்கே என்பவன்,
புரோக்கர், டயர், லீசிங்.
ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனான்.
மச்சானுக்கு விரல் மிஞ்சவில்லை.
"நகம் இருக்குத்தானே மிஸ்" என்று சிரித்தான்.

சல்லடையில் தங்குவதை லாச்சியில் போட்டுவைப்பேன்.
வளையல் துண்டு, வழுவழுத்த ஓட்டுச்சில்லு,
பொம்மையின் ஒரு காது.
கடல்மணல் வரும் நாளில் சோகி.
அங்கேயும் ஒரு கப்பல் நிற்கிறது;
கரையிலிருந்து பார்த்தால்
சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும்.

மாசி முழுக்க மழை இல்லை.
ஆறு தாழ்ந்தது, கடல் மேலேறியது.
அப்படிச் சொல்வதும் சரியில்லை;
படுக்கையைத் தோண்டிப் பள்ளமாக்கி
நாங்கள்தான் வழி விட்டிருந்தோம்.
முகத்துவாரத்தில் நுழைந்த உப்பு
நல்ல தண்ணீருக்குக் கீழால், பாரமாக, சத்தமில்லாமல்
அம்பத்தலையில்
நகரம் குடிக்க அள்ளும் இடம்வரை போய்ச் சேர்ந்தது.

செபமாலையக்காவின் தேத்தண்ணி அன்று கரித்தது.
சீனி காணாதுபோல என்று
இன்னொரு கரண்டி போட்டா.
எல்லோரும் குடித்தோம்.

மணல் அன்று தெளிவு. பாஸ்.
கை சும்மா இருக்காமல் பைப்பைத் திறந்து
ஒரு குழாய் நிரப்பினேன்.
முதல் துளி. இரண்டாவது.
மூன்றாவதில் உள்ளே மூடுபனி.
ஐந்தாவதில்
குழாயின் மறுபக்கத்து என் விரல் தெரியவில்லை.

படிவத்தில் தண்ணீருக்கும் ஒரு கட்டம் உண்டு.
கலவை நீரில் உப்பு இந்த அளவுக்கு மேலானால்
உள்ளே கம்பி துருப்பிடிக்கும்,
முப்பத்தெட்டு மாடி நிற்க வேண்டும்,
ஆகவே பாவிக்கக் கூடாது.
சிவப்புப் பேனையால் எழுதினேன்.
எஞ்சினியர் ருவந்த ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.
மத்தியானத்துக்குள் பவுசர் வந்தது,
எங்கோ ஒரு கிணற்றின் பன்னிரண்டாயிரம் லீற்றர்,
கலவை யந்திரத்துக்கு.

செபமாலையக்கா கேத்தலோடு போய் நின்றா.
பவுசர்க்காரன் கையை விரித்தான்.
"லீற்றர் கணக்கு அக்கா,
சீமெந்துக்குத்தான் துண்டு தந்திருக்கு."

படிவத்தை மறுபடி ஒருமுறை வாசித்தேன்.
கம்பி என்று இருக்கிறது.
மூன்று இடத்தில்.

அக்கா பைப்படிக்கே திரும்பி வந்து
கேத்தலை நிரப்பி, அடுப்பில் வைத்து
சீனிப் போத்தலை
ஆட்டிப் பார்த்தா.