இருபத்துமூன்றாவது கோது

பாலையூற்றில் என் சமையலறை மேசை.
ஐம்பது பித்தளைக் கோதுகள்
மரக்கட்டைக் குழிகளில் வாய் திறந்து நிற்கின்றன.

திருகோணமலை ஆஸ்பத்திரியில்
இருபத்தொன்பது வருசம் மருந்து கலந்தவள் நான்.
இதற்கும் மருந்து என்றுதான் பேர்.
அங்கே பிழைவிட்டால்
பிழைக்கவும் ஒரு வழி இருந்தது:
வயிறு கழுவ, சேலைன் ஏற்ற.
இது கண் இமைக்க முன்
முடிந்துவிடும் கணக்கு.

மெதுவாய் எரியும் மருந்தை ஓரளவு நம்பலாம்.
கோதின் கழுத்துமட்டும் ஏறி நிற்கும்;
கூடினால் மேசையில் கொட்டித்
தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.
வேகமருந்து கள்ள மௌனம்.
அடியில் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.
இரண்டாம் தரம் ஊற்றினாலும்
இடமிருக்கு இடமிருக்கு என்கிறது பித்தளை.

"ஒரு துளி கூட்டுங்கோ டொறின் அக்கா,
ரவை தாழுது" என்றார்
சங்கச் செயலாளர் வாமதேவன்.
போன மாதம் அவரே நிரப்பிச் சுட்ட கோதொன்றை
அவருடைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.
பிறைமர் சப்பளிந்து
விளிம்பு தெரியாமல் பரவியிருந்தது.
பித்தளையின் பின்புறத்தில்
மினுங்கும் ஒரு தேய்வு.
அன்றைக்குப் போல்ற்றைத் திறக்க
உள்ளங்கையால் குத்தினீங்களே?
அரைக் குன்றிமணி, வாமதேவன்.
அரைக் குன்றிமணிதான் கூட.

அவர் கோதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

எட்டுப் பத்துக்குக் கரண்ட் போனது.
உவர்மலைப் பக்கமும் இருட்டு.
ஒழுங்கையில் மானோ மாடோ
குப்பை வாளியை உருட்டியது.
தடவித் தடவி டோர்ச்சை எடுத்து வந்தால்
புனல் இருக்கிறது
இருபத்துமூன்றாவது கோதின் மேல்.
ஊற்றினேனா?
ஊற்ற வந்தேனா?

எட்டிப் பார்த்தேன்.
எல்லாக் கோதுக்குள்ளும் ஒரே கருமை.
நிறுத்துப் பார்க்கலாம்தான்;
ஆனால் பித்தளைக்குப் பித்தளை பாரம் வேறு,
அந்த வித்தியாசத்துக்குள்ளேயே
மருந்து ஒளிந்துகொள்ளும்.

முபஸ்ஸிரா
துவக்குக் கட்டையில் கன்னம் சாய்க்கும்போது
இடது கண்ணை மூடுவதில்லை.
வங்கியில் காசெண்ணும் கண்.
கிண்ணியாப் பாலம் கடந்து
மோட்டார் சைக்கிளில் வரும் கண்.
வெடிக்கும் இடத்துக்கும் அதற்கும்
ஒரு சாண் இல்லை.

கவிழ்த்தேன்.
இருபத்துமூன்றை மட்டுமல்ல,
சரியென்று சத்தியம் செய்யக்கூடிய
இருபத்திரண்டையும்.
போத்தலின் லேபலை டோர்ச் வெளிச்சத்தில்
இரண்டு தரம் வாசித்து
மருந்தைத் திருப்பிக் கொட்டி மூடினேன்.
மெழுகுதிரி இந்த அறைக்கு வராது.
கரண்ட் வரும்வரை
நுளம்புக்குக் கால் கொடுத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

பத்து நாற்பதுக்கு
முதலாவது கோதிலிருந்து.

சனிக்கிழமை ஐம்பதையும் அவள் சுட்டாள்.
போல்ற் இரண்டு விரலுக்குத் திறந்தது.
பொறுக்கிய கோதுகளை ஒவ்வொன்றாய்த் திருப்பி
பிறைமரின் விளிம்பைப் பார்த்தேன்:
வட்டம், வட்டம், வட்டம்.
"இண்டைக்கு வெயில் கூட" என்று
மிச்ச ரவைப் பெட்டியை
வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வைக்கப் போனாள்.

நிழலிலை வை பிள்ளை, என்றேன்.
நிழலிலை.