உப்புக் கணக்கு

சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் போவேன்.
பரந்தன் சந்தியில்
நாலு மணித் தக்காளிக்கு ஒரு விலை,
ஐந்தரைத் தக்காளிக்கு வேறொன்று.
இடையிலுள்ள ஒன்றரை மணித்தியாலத்தை
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
ஆருக்கோ காத்திருக்கிற ஆள்மாதிரி நின்று
சம்பாதிப்பேன்.

நிரோஜினி விடிய ஐந்துக்குக் காமென்ற்ஸ் பஸ் ஏறுவாள்.
மேசன் வேலைக்கு என்னை ஒருத்தரும் கூப்பிடாத மாதங்களில்
அவள் உழைக்கிறாள், நான் குறைக்கிறேன்.
உலைமூடி என் கையில்,
நாற்பது தாள் சி.ஆர். கொப்பியும் என் கையில்.

சவர்க்காரத்தை நூலால் இரண்டாக அறுக்கலாம்;
காய்ந்த பாதி அலுமாரிக்கு மேலே இருக்கட்டும்.
பற்பசைக் குழாயைக் குறுக்கே வெட்டினால்
உள்ளே இன்னும் மூன்று நாள் ஒளிந்திருக்கும்.
தேங்காயில் கண்ணுள்ள பாதியை முதலில் துருவ வேண்டும்,
அது காத்திருக்காது.
காஸ் தேத்தண்ணிக்கு மட்டும்.
சிலிண்டரை ஒருக்கால் அசைத்துப் பார்த்து
எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்லிவிடுவேன்;
இரண்டு நாளுக்கு மேல் பிழைத்ததில்லை.
சோறு, கறி எல்லாம்
வேலிப் பூவரசு வெட்டின விறகில்.

திருவாசகம் கடையில் எங்களுக்கும் ஒரு கடன் கொப்பி இருந்தது.
அதில் பருப்புக்கு வேறு விலை.
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை,
இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
அதோடு கடன் நின்றது.
பருப்பில்லாத செவ்வாய்க்கிழமைகள் வந்தன.
முருங்கை இலை இருந்தது.

மகள் ஐஸ்கிறீம் குச்சிகளை நிலத்தில் பரப்பி
கூட்டல் செய்துகொண்டிருப்பாள்.
"அப்பா, ரெண்டு லைற் எரிஞ்சா என்ன?"
"மீற்றர் ஓடும்."
"எங்க ஓடும்?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஒரு லைற்றை அணைத்தேன்.

சம்பள நாள் இரவு நிரோஜினி கொப்பியை வாங்கினாள்.
சட்டைக் கையில் நூல் தும்பு ஒட்டியிருந்தது.
தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் பிழை பிடிக்கிற வேலை.
அதே விரலை வரி வரியாக இறக்கினாள்;
வெங்காயம், நெத்தலி, நெருப்புப்பெட்டி,
பிள்ளையின் பென்சில்.
விரல் நின்றது.

"உப்பு நூற்றிருபது.
உப்பு நூற்றிருபது.
நாலு கிழமையும் உப்பு வாங்கினீங்களோ?"

ஆனையிறவு எங்களுக்குக் கூப்பிடு தூரம்.
காற்றுத் திரும்பினால்
வேலித் தகரத்தை நக்கினாலே போதும் என்பார்கள்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ரீயும் வடையும்" என்றேன்.
"வெள்ளிக்கிழமையில மட்டும்.
தக்காளி மலியும் வரைக்கும் நிக்கேக்க...
ஒரு வடைதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
ஏசவும் இல்லை.
கொப்பியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தாள்.
பிறகு கைப்பையைத் திறந்து
பிள்ளையின் குச்சிக் கட்டுக்குள்
இன்னும் ஒரு குச்சியைச் செருகிவிட்டு
முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

கழுவித் துடைத்த குச்சி.
நுனியில் மட்டும் றோஸ் நிறம் போகவில்லை.

இத்தனை நாள் அந்தக் குச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்று
நான் யோசிக்கவேயில்லை.
கட்டை அவிழ்த்து எண்ணினேன்.
பதினேழு.
பதினேழு வியாழனோ, பதினேழு வெள்ளியோ,
எந்த இடைவேளையில், எந்தக் கன்ரீன் வாங்கிலில் இருந்தோ.
பெருக்கிப் பார்க்கலாம்; எனக்குப் பெருக்க வரும்.
பெருக்கவில்லை.
பழையபடி றப்பர் பாண்டைப் போட்டு வைத்தேன்.

கிணற்றடியில் வாளி இறங்குகிற சத்தம்.
"தண்ணியை அளவா ஊத்து" என்று சொல்ல வாய் வந்தது.
தண்ணீருக்கு எங்கள் வீட்டில் காசில்லை.

இந்த மாதம்
மீன் குறைந்திருக்கிறது, மீற்றர் குறைந்திருக்கிறது,
சவர்க்காரத்தின் இரண்டாம் பாதி இன்னும் மேலேதான் இருக்கிறது.
உப்பு மட்டும் கூடிவிட்டது.
கொப்பியில் அது இப்போது
இரண்டு கையெழுத்தில் இருக்கிறது.