ஐந்து யூரோத் தாள்

செதூபல் துறைமுகத்தின் பின்தெருவில்
கணவாய் பொரிக்கும் கடை எங்களுடையது.
எங்களுடையது என்றால்
தியோலிந்தாவுடையது.
நான் தட்டு கழுவுகிறவள்.

காலை ஒன்பதுக்கு முதல் வேலை
எல்லாவற்றையும் எரியவிடுவது.
ஆறு அடுப்பு, இரண்டு எண்ணெய்த் தொட்டி,
ஆள் உயரத்தில் ஒரு சூட்டடுப்பு,
தலைக்குமேல் புகைபோக்கியின் விசிறி.
முதல் ஆள் சாப்பிட வருவதோ பன்னிரண்டரைக்கு.
மூன்றரை மணி நேரம்
யாருக்கென்று தெரியாமல் கொதிக்கும் எண்ணெய்.
ஏன் என்று கேட்டால்
"எரிந்தால்தான் கடை" என்பார் அபீலியோ.

மார்ச் மாத மின்கட்டணத் தாள்
உணவுப் பட்டியலைவிட நீளமாக வந்தது.
தியோலிந்தா படித்துவிட்டு
அதன்மேல் உப்புச் சாடியை வைத்தாள்,
எழுந்து நடந்துவிடும் என்பது போல.

செவ்வாயன்று இலீடியோ வந்தான்.
கழுத்தில் இடுக்கி மாதிரி ஒரு மீட்டர்.
குளிர்பெட்டி முன்னால் நின்று
பையிலிருந்து ஐந்து யூரோத் தாளை எடுத்தான்.
கதவிடுக்கில் பாதி வைத்து மூடினான்.
இழுத்தான்.
கேட்காமலே வந்தது.
"இப்படித்தான், ராத்திரி முழுக்க" என்றான்,
தாளை மடித்துப் பையில் போட்டபடி.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு சுவரில் ஒரு திருகைத் திருப்பினான்.
விசிறி பாதிக்கு இறங்கியது.

எத்தனையோ வருடமாகக்
காதுக்குள் நின்று உறுமிய லாரி
தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.
"தட்டு!" என்று கத்தினார் அபீலியோ
வழக்கம்போல.
தன் குரல் சுவரில் மோதித் திரும்பியதும்
திருடனைக் கண்டவர் போல நிமிர்ந்தார்.
"தட்டு" என்றார் மறுபடி,
பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி.

அன்றுதான் கேட்டது:
குழாய் சொட்டுவது
(வெந்நீர் என்று இலீடியோ குறித்துக்கொண்டான்),
மூடியில்லாத பானை மூச்சுவிடுவது,
என் வாயில் ஒரு பாட்டு இருப்பது.
தொட்டி முன் அபீலியோவின் உதடு அசையும்போதெல்லாம்
திட்டுகிறார் என்றிருந்தேன் பதினோரு வருடம்.
திட்டுதான்.
ஆனால் என்னை அல்ல, எண்ணெயை.

இரண்டாவது தொட்டி இனி சனி, ஞாயிறு மட்டும்.
"ஒற்றைக் கையால் சமைக்கச் சொல்கிறீர்கள்" என்று
நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை அவர்.
ஐந்தாம் நாள் எவோராவிலிருந்து
ஒரு பேருந்து நிறைய ஆட்கள்.
எண்ணெய் சூடாகவில்லை.
அபீலியோ தியோலிந்தாவைப் பார்த்தார்.
தியோலிந்தா ஆலிவ் காய்களைப் பார்த்தாள்.
பன்னிரண்டு நிமிடம் கொறித்தார்கள்,
கொட்டைகளைக் கிண்ணத்தில் துப்பினார்கள்,
ஒருவரும் எழுந்து போகவில்லை.

கட்டணம் குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.
உப்புச் சாடி மேஜைக்குத் திரும்பிவிட்டது.

குளிர்பெட்டிக் கதவுக்குப் புது ரப்பர் போட்ட மறுநாள்
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
அபீலியோ தன் ஐந்து யூரோவை இடுக்கி இழுத்தார்.
வரவில்லை.
காலை ஊன்றி இழுத்தார்.

மூலை கிழிந்த அந்தத் தாள்
டிப்ஸ் டப்பாவிலேயே கிடக்கிறது.
ரொட்டிக்காரன் வாங்க மாட்டேன் என்கிறான்.
தியோலிந்தா கணக்கில் எழுதிவிட்டாள்:
ரப்பர், நாற்பத்தொன்று.
தாள், ஐந்து.